தூசி என்று தேடினால் வராது

மஸ்கட் விமான நிலையத்தைத் தாண்டிப் போனால் வரும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வசந்தகுமாரி பதினோரு வருடமாக நூலகராக இருக்கிறாள். ஈரோட்டுக்காரி. ஆசிரியர்கள் ஆராய்ச்சிக்குத் தேவையானதைத் தேடி எடுக்க உதவுவதும், தேடக் கற்றுக்கொடுப்பதும் அவள் டூட்டி. முதல் பாதியை ஆசிரியர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டாவது பாதி தங்களுக்கு இல்லை, மாணவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

காலை எட்டு மணிக்கு அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் போன் அடிக்கும். போன வருஷம் நீங்கள் அனுப்பிய கட்டுரையைத் திரும்ப அனுப்ப முடியுமா என்பார் ஒருவர். எந்தக் கட்டுரை என்று கேட்டால், மூன்று பேர் எழுதியது, முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும் என்பார். இன்னொருவர் பன்னிரண்டு கட்டுரைகளின் பட்டியலை அனுப்பி எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொல்வார். அதில் ஏழு கட்டுரைகளை உலகத்தில் யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவு நிரலிடம் கேட்டு வாங்கிய பட்டியல் அது. இப்படிக் கட்டுரைகளே இல்லை என்று அவள் பதில் எழுதினால், நம் நூலகத்தில் சந்தா கட்டுவதில்லையா என்று கோபித்துக்கொண்டு இயக்குநருக்கு ஒரு நகல் போடுவார்.

மூன்று வருடமாக ஆசிரியர்கள் வெளியிடும் கட்டுரைகள் குறைந்துகொண்டே வந்தன. அங்கீகாரக் குழு வரப்போகிற நேரம். காரணம் என்ன என்று மேலிடத்தில் கேட்டார்கள். நூலக இயக்குநர் பத்ரியா, வசந்தகுமாரியைக் கூப்பிட்டு, ஆசிரியர்களின் தகவல் தேடும் திறன் எப்படி இருக்கிறது என்று ஒரு சர்வே எடுக்கச் சொன்னார். இருபத்தைந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும்.

நூற்று நான்கு பேர் நிரப்பினார்கள். ‘எனக்குத் தேவையான தகவலை என்னால் விரைவாகக் கண்டுபிடிக்க முடியும்’ என்ற வரிக்குத் தொண்ணூற்றாறு பேர் ஐந்து போட்டிருந்தார்கள். மூன்று பேர் எழுதிய கட்டுரையைக் கேட்ட வரைபடக்காரரும் ஐந்து போட்டிருக்கத்தான் வேண்டும். படிவத்தில் பெயர் கிடையாது. ஆனால் மெக்கானிக்கல் துறை, பத்தொன்பது வருட அனுபவம் என்று குறித்திருந்த இன்னொரு தாளின் அடியில், ‘சிரமம் எதுவும் இல்லை’ என்று எழுதி இரண்டு முற்றுப்புள்ளி வைத்திருந்ததைப் பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு முற்றுப்புள்ளி வைக்கிற மனிதர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவர்தான். அவள் கணவர் ரகுநாதன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் காரில் கேட்டாள்.

“ஏனுங்க, தேடறதுல உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லீங்களா?”

“என்ன சிரமம்? கூகுள்ல போட்டா வந்துட்டுப் போகுது” என்றார் ரகுநாதன், முன்னால் நின்ற டாக்ஸியைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டே.

போன சனிக்கிழமை முழுக்க, தானே இறக்கி வைத்த ஒரு கட்டுரையைத் தன் லேப்டாப்பிலேயே காணாமல் தேடி, சாப்பாட்டு மேஜையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தவர் அவர். வசந்தகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சர்வேயை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவள் ஒரு நோட்டுப் போட்டாள். ஒரு மாதம், தன்னிடம் வந்த ஒவ்வொரு வேண்டுகோளையும் எழுதினாள். அவர்களே எத்தனை நேரம் தேடினார்கள் என்று கேட்டு அதையும் பக்கத்தில் குறித்தாள். மாதக் கடைசியில் பார்த்தால், ஒரு ஆசிரியர் சராசரியாக வாரத்தில் ஒரு முழு வேலை நாளைத் தேடுவதிலேயே தொலைத்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டைக் கொண்டுபோய் பத்ரியாவின் மேஜையில் வைத்தாள்.

பத்ரியா பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனுஷி, படித்தவர். “இதுதான் உண்மை, எனக்கும் தெரியும்” என்றார். “ஆனால் குழு கேட்டது சர்வே. சர்வேயில் நம் ஆட்களுக்கு ஐந்துக்கு நாலரைக்கு மேல் வந்திருக்கிறது. அதைப் போட்டுவிடுவோம். இதைப் பின்னிணைப்பில் வை. கலாஸ், முடிந்தது.”

அந்தப் பின்னிணைப்பை யாரும் திறக்கவில்லை என்பது வசந்தகுமாரிக்கு உறுதி. திறந்திருந்தால், நாற்பதாம் பக்கத்தில் அவள் விட்டிருந்த ஒரு தப்பான எண்ணைப் பற்றி யாராவது கேட்டிருப்பார்கள்.

அடுத்து வந்தது பதவி உயர்வுக் காலம். விண்ணப்பிக்கிறவர்கள் தரும் கட்டுரைப் பட்டியலை நூலகம் சரிபார்த்துத் தர வேண்டும். பேராசிரியர் பதவிக்கு மூன்று வருடத்தில் நான்கு கட்டுரை வேண்டும் என்பது விதி. ரகுநாதனும் விண்ணப்பித்திருந்தார். அவருடைய கோப்பு தன் கைக்கு வரக்கூடாது என்று வசந்தகுமாரி முதல் நாளே ஒதுங்கிக்கொண்டு, உதவி நூலகர் சாகிரிடம் கொடுத்துவிட்டாள். சாகிர் கீழக்கரைப் பையன். பையன் என்றாலும் முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். வேலையில் சுத்தமானவன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவன் அவள் மேஜைக்கு வந்து உட்காராமல் நின்றான்.

“அக்கா, சாரோட நாலாவது பேப்பர் இருக்குல்ல. அத நீங்களே ஒருவாட்டி பாத்துருங்களேன்.”

“நான் பாக்கக்கூடாது சாகிர். அதனாலதான உங்கிட்ட குடுத்தேன்.”

“தெரியும்க்கா. ஆனா இதுல பக்கம் ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினொண்ணுன்னு போட்டுருக்கு. அந்த வருசத்து ஜர்னல் மொத்தமே அறுநூத்தி நாப்பது பக்கம்தான்.”

அவள் பார்த்தாள். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது வருடமாக ஐரோப்பாவிலிருந்து வருகிற நல்ல ஆய்விதழ் ஒன்று. அதே பெயரை, அதே பதிவு எண்ணை வைத்து எவனோ ஒருவன் ஒரு போலி இணையதளம் நடத்திக்கொண்டிருந்தான். ரகுநாதனின் கட்டுரை போலியில் இருந்தது. அசலில் இல்லை. அனுப்பிய ஒன்பதாம் நாள், ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று ரகுநாதன் குடும்பத்தை ரூவி கடைவீதியிலேயே நல்ல ஹோட்டலுக்கு அழைத்துப் போனதும், இவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனதும் நினைவுக்கு வந்தது. எந்த ஜர்னல் என்று மட்டும் கேட்டாள் அன்றைக்கு. அவர் பெயரைச் சொன்னார். பெரிய பெயராக இருக்கவே அதற்குமேல் கேட்கவில்லை.

“அக்கா, சரிபார்த்தாச்சுன்னு போட்டு விட்ரவா? யாரும் பாக்க மாட்டாங்க” என்றான் சாகிர், குரலை இறக்கி.

“பாத்தத எழுது” என்றாள் வசந்தகுமாரி. “வியாழக்கிழமைதான கடைசி நாள்? அதுவரைக்கும் மட்டும் வெச்சிரு. அவரே எடுத்துக்கறாரான்னு பாக்கலாம்.”

அந்தக் கட்டுரை சும்மா எழுதியதாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. சோலார் பேனல்களில் படியும் தூசி மின்சாரத்தை எவ்வளவு குறைக்கிறது என்பது விஷயம். பதினான்கு மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடாமல், விடுமுறை நாளில் காலை ஆறு மணிக்குப் பல்கலைக்கழக மொட்டைமாடிக்கு ஏறி ரகுநாதன் அளவெடுத்தார். ஜூலையிலும் ஏறினார். கை வைத்தால் கொப்பளிக்கிற இரும்புச் சட்டங்களுக்கு நடுவே, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். ஃப்ளாஸ்க்கில் மோர் ஊற்றிக் கொடுத்தனுப்பியது இவள். மகள் தன்யாவின் பள்ளி நாடகம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, அதற்கும் அவர் வரவில்லை. அத்தனையையும் கொண்டுபோய் ஒரு திருட்டு இணையதளத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மாலை வீட்டுக்கு வந்ததும், பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னாள்.

“உங்க நாலாவது பேப்பர் போட்ட ஜர்னலு, அது அந்த ஜர்னல் இல்லீங்க.”

“அந்த ஜர்னல் இல்லைன்னா?”

“பேரு அதேதான். நம்பரும் அதேதான். ஆனா சைட்டு போலி.”

“நீ என்ன பேசற. முப்பது வருசமா வர்ற ஜர்னல் அது.”

“வருதுங்க. அதுல உங்க பேப்பர் வரல.”

லேப்டாப்பை எடுத்து இரண்டு தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவர் கையில் துணியோடு நின்றுகொண்டே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“எப்படிப் போனீங்க இந்த சைட்டுக்கு?”

“மெயில் வந்துச்சு. அதுல லிங்க் இருந்துச்சு.”

“ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமில்லீங்க.”

“உன்றகிட்ட எதுக்குக் கேக்கோணும்? பத்தொம்பது வருசமா இதுல இருக்கறேன். எனக்குத் தெரியாதா?”

“தெரியலையே” என்றாள் அவள். குரல் உயர்ந்துவிட்டது. “பதினோரு வருசமா இதச் சொல்லித்தரத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. ஊர்ல இருக்கறவங்க அத்தனை பேரும் எங்கிட்ட வந்து நிக்கறாங்க. நான் நடத்தற கிளாசுக்கு ஒரு நாள் வந்திருப்பீங்களா? எதிர்ல உக்காந்து சோறு திங்கற மனுசன் நீங்க, எவனோ அனுப்பின லிங்க்க நம்புவீங்க, என்னயக் கேக்க மாட்டீங்க.”

உள் அறையிலிருந்து தன்யா எட்டிப் பார்த்து, “அம்மா, ப்ளீஸ், நாளைக்கு எனக்கு ஃபிசிக்ஸ் எக்ஸாம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ரகுநாதன் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னார். “சாகிர்கிட்டச் சொல்லி விட்டுரச் சொல்லு. யாரு பாக்கப் போறா.”

“அவனாவே கேட்டான். நான் வேண்டாம்னுட்டேன்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை வசந்தகுமாரி அதற்கு முன் பார்த்ததில்லை. கோபமா, அவமானமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை பேச்சில்லை. வியாழக்கிழமை காலை காரிலும் பேச்சில்லை. பதினொரு மணிக்கு சாகிர் வந்து, சார் நாலாவது பேப்பரை எடுத்துக்கொள்வதாக மெயில் அனுப்பியிருக்கிறார் என்றான். நான்கு மூன்றானது. அந்த வருடப் பதவி உயர்வு போயிற்று.

அதன்பின் பதினான்கு நாள் தேவைக்கு மட்டும் பேச்சு நடந்தது. உப்பு வேண்டும், சாவி எங்கே, இப்படி. பதினைந்தாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலை டிபன் முடிந்ததும் ரகுநாதன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“சரி, சொல்லு. இனி என்ன பண்றது?”

போலித் தளத்துக்கு, கட்டுரையை நீக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினார்கள். பதிலே இல்லை. அசல் ஆய்விதழின் ஆசிரியருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினார்கள். எட்டாம் நாள் பதில் வந்தது. இதேபோல் ஏமாந்தவர்களின் கடிதம் எங்களுக்கு அடிக்கடி வருகிறது, ஒரு விளக்கக் குறிப்போடு அனுப்புங்கள், முறைப்படி மதிப்பீட்டுக்கு அனுப்புகிறோம் என்று.

அனுப்புவதற்கு முன் வசந்தகுமாரி ஒன்று கேட்டாள். “இதுக்கு என்னென்ன படிச்சீங்கன்னு காட்டுங்க.”

‘புதுசு’, ‘புதுசு 2’, ‘கடைசி புதுசு’ என்று மூன்று கோப்புறைகளில் இருபத்திரண்டு கட்டுரைகள் இருந்தன. ஆறு, ஒரே கட்டுரையின் பிரதிகள்.

“என்ன வார்த்தை போட்டுத் தேடினீங்க?”

“தூசி. சோலார் பேனல். மஸ்கட்.”

ஆங்கிலத்தில் டஸ்ட் என்றுதான் போட்டிருந்தார். அந்தத் துறைக்காரர்கள் அதை டஸ்ட் என்று மட்டும் சொல்வதில்லை, பேனல் அழுக்காவதை சாயிலிங் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எலக்ட்ரிகல் துறை ஆசிரியர்கள் கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. அவள் நூலகத் தரவுத்தளத்தில் அந்த வார்த்தையைப் போட்டாள். ஆயிரத்து நானூறு வந்தது. வளைகுடா நாடுகள் என்று சுருக்கினாள். அறுபத்தெட்டு. ஓமன் என்றாள். ஒன்பது.

ஒன்பதில் ஏழாவது, அவர்களுடைய பல்கலைக்கழகத்திலேயே எட்டு வருடத்துக்கு முன் சிஹாம் என்ற மாணவி எழுதிய முதுகலை ஆய்வேடு. எலக்ட்ரிகல் துறை. இருபத்தாறு மாதம் அளவெடுத்திருந்தாள். அளவெடுத்த இடம், ரகுநாதன் ஏறிய மாடிக்கு நேர் எதிர்க் கட்டிடத்து மாடி.

ரகுநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்தாறு மாசமா?” என்றார். “அப்ப நான் எதுக்கு ஏறினேன்?”

வசந்தகுமாரிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பதினான்கு மாத வெள்ளிக்கிழமைகள், மோர், ஈரத் துண்டு, தன்யாவின் நாடகம். இந்த ஆய்வேட்டின் அச்சுப் பிரதி நூலகத்தின் கீழ்த்தளத்தில், அவள் மேஜையிலிருந்து இறங்கிப் போனால் இரண்டு நிமிடத்தில் எட்டுகிற அலமாரியில் இருக்கிறது. திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது, திரையின் அடியில் நூலக அட்டவணை தயாரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பார்த்தாள்.

அட்டவணை போட்டவள் அவளேதான். பொருள் சொல், அதாவது எந்தச் சொல்லைப் போட்டால் இது கிடைக்கும் என்ற இடத்தில் சாயிலிங் என்று ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ரகுநாதனும் பார்த்துவிட்டார். “நீயும் டஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை சேத்தி வெச்சிருக்கலாமில்ல” என்றார். குத்திக்காட்டவில்லை, களைத்துப்போன குரலில் சொன்னார். அதுதான் அதிகம் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வார்த்தையைச் சேர்த்தாள். பிறகு பழைய ஆய்வேடுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். முந்நூற்றுப் பத்து இருந்தன. பாதிக்கு மேல் இதே கதி. தேடத் தெரியவில்லை என்று பதினோரு வருடமாக யாரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாளோ, அவர்களில் சிலர் சரியாகத்தான் தேடியிருக்கிறார்கள். சாகிரும் அவளும் சேர்ந்து அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆனது. அதற்கு நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, பத்ரியா மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சிஹாம் இப்போது சோஹார் நகரத்தில் ஒரு மின் நிறுவனத்தில் பொறியாளர். ரகுநாதன் எழுதிய கடிதத்துக்கு அன்றே பதில் போட்டாள். தேர்வாளர்களைத் தவிர யாரும் என் ஆய்வேட்டைத் திறந்ததாக எனக்குத் தெரியாது, சந்தோஷம் என்று எழுதியிருந்தாள். அவளிடம் அச்சில் வராத அளவுகளும் இருந்தன. இரண்டு பேரின் அளவுகளையும் சேர்த்தபோது, எட்டு வருட இடைவெளியில் இரண்டு மாடிகளில் தூசி எப்படி மாறியிருக்கிறது என்று சொல்ல முடிந்தது. பக்கத்தில் புதுச் சாலை வந்தபின் தூசியும் கூடியிருந்தது. தனியாக இருந்தால் இரண்டு பேராலும் சொல்ல முடியாத விஷயம் அது. ரகுநாதனின் ஜூலை மாதங்கள் முழுக்க வீணாகவில்லை.

மதிப்பீட்டாளர்கள் இரண்டு சுற்றுத் திருத்தம் கேட்டார்கள். முதல் சுற்றில் நாற்பத்தொரு கேள்வி. ரகுநாதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது நாளில் வந்த பழைய ஏற்பைவிட இந்த நாற்பத்தொரு கேள்வி மேல் என்று வசந்தகுமாரிக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் மறுபடி சண்டை வரும் என்று டீ போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். பதினோரு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. முதல் பெயர் சிஹாம், இரண்டாவது ரகுநாதன். அதிக மாதம் ஏறியவள் அவள்தான் என்று அவரே முடிவு செய்தார்.

அதற்குள் பதவி உயர்வு விதியை மாற்றியிருந்தார்கள். இனி ஐந்து கட்டுரை வேண்டும். சுற்றறிக்கையைப் படித்த அன்று ரகுநாதன் காரை எடுக்காமல் பார்க்கிங்கிலேயே கால் மணி நேரம் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “யல்லா, போலாம்” என்று கடைசியில் அவரே கிளப்பினார்.

அடுத்த ஆராய்ச்சியாக, பேனல்களைக் கழுவ எவ்வளவு தண்ணீர் போதும் என்று பார்க்க நினைத்தார். இந்த முறை மாடிக்கு ஏறவில்லை. மூன்று வாரம் நூலகத்தில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து தேடினார். பல பெயர்களில் தேடினார். சந்தேகம் வந்தால் எழுந்து வந்து கேட்டார். மற்றவர்களைப் போல வரிசையில் நின்று கேட்டார். மூன்றாம் வாரம், அதே வேலையை குவைத்தில் ஒரு குழு போன வருடமே செய்து முடித்துவிட்டது என்று கண்டுபிடித்தார். நோட்டை மூடிவிட்டார்.

வசந்தகுமாரிக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், கட்டுரை அச்சில் வந்தபோதுகூட இல்லை. ஒரு வருடம் மிச்சம். நேராக பத்ரியாவின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

பத்ரியா சிரித்தார். “ரொம்ப நல்லது. இதை ஆண்டறிக்கையில் எந்தக் கட்டத்தில் போடுவது?”

அப்படி ஒரு கட்டம் இல்லை. வெளியான கட்டுரைகள் என்று ஒரு கட்டம் உண்டு, நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகள் என்று ஒன்று உண்டு. தேடிப் பார்த்து, செய்யாமல் விட்ட வேலைக்கு இடமே கிடையாது. அந்த வருட மதிப்பீட்டில் ரகுநாதனுக்கு ‘நடந்துகொண்டிருக்கும் ஆய்வு’ என்ற இடத்தில் பூஜ்யம் விழுந்தது. ஏன் பூஜ்யம் என்று துறைத்தலைவர் விளக்கம் கேட்டு மெயில் அனுப்பினார்.

அந்த விளக்கத்தை எழுத இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்தார்கள். ஒன்றரைப் பக்கம் வந்தது. துறைத்தலைவர் படித்துவிட்டு, அரைப் பக்கத்துக்குள் சுருக்கித் தரும்படி கேட்டார்.